பெயர் போடும் இடம்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டைட்டஸின் கார் வாசலில் வந்து நின்றபோது கரோலின் மாடியில் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அண்ணன் மட்டும்தான் இறங்கினான். அண்ணி இல்லை, பிள்ளைகள் இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

பிள்ளைகளோடு வந்தால் அவன் சும்மா வந்திருக்கிறான் என்று அர்த்தம். தனியாக வந்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். என்ன வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இரவு ஏழரை மணித் தொடரின் தொடக்கத்தில் ‘இசை: டைட்டஸ் ஜெபசீலன்’ என்று ஒரு பெயர் வரும். அந்த இசையை உண்மையில் அமைப்பது யார் என்பது போன வாரம் வரை மூன்றே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. டைட்டஸுக்கு, அம்மா ரோஸுக்கு, கரோலினுக்கு. செவ்வாய்க்கிழமை கரோலின் ஒரு மெயில் அனுப்பினாள். நான்காவதாக ஓர் ஆள் சேர்ந்துகொண்டான்.

பதினோரு வருடக் கதை இது. டைட்டஸ் வேலூரில் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவன். சென்னைக்குப் போய் வாய்ப்புத் தேடியபோது, தங்கை போட்டு வைத்திருந்த ஒரு மெட்டைக் கொண்டுபோனான். எத்தனையோ அலுவலக வாசல்களில் காத்திருந்தான். கடைசியில் ஒரு தொடரை எடுத்தவர்கள் அந்த மெட்டைத் தலைப்பு இசையாக எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அப்போது சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். “ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை செய்யற பொண்ணு போட்டதுன்னா எவனும் எடுக்க மாட்டான். இப்ப என் பேர்ல போகட்டும். அடுத்த சீரியல்ல ரெண்டு பேர் பேரும் போட்டுக்கலாம்” என்றான் டைட்டஸ். கரோலினுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அதன்பிறகு நான்கு தொடர்கள் வந்து போய்விட்டன. அப்பாவும் போய்விட்டார்.

கரோலின் தினமும் மாலை கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டு மாடி ஏறுவாள். அன்றைய எபிசோடு இசை இல்லாமல் ஊமையாக வந்திருக்கும். மாமியார் முறைக்கிற இடம், மருமகள் தட்டைக் கீழே போடுகிற இடம், தொலைந்துபோன பிள்ளை திரும்பி வருகிற இடம் என்று ஒவ்வொன்றுக்கும் இசை போட்டு அனுப்புவாள். மறுநாள் அது ஊரெல்லாம் ஒலிக்கும். கம்பெனியில் தையல் லைனில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் அதை முணுமுணுப்பார்கள். அவள் பக்கத்தில் நின்று ஷூவின் தையலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெயர் இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது போன மாதம் வந்த ஒரு யூடியூப் பேட்டி.

அந்தத் தலைப்பு இசை எப்படிப் பிறந்தது என்று கேட்டார்கள். ஏலகிரியில் ஒரு மழை நாளில், ஒரு காட்டேஜின் தகரக் கூரையில் விழுந்த துளிகளிலிருந்து பிறந்தது என்று டைட்டஸ் கண்களை மூடிக்கொண்டு சொன்னான். உண்மையில் அது பிறந்த இடம் ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷன். தோலை வெட்டுகிற மெஷின் ஒன்று பழுதாகி, இரண்டு அடி அடித்துவிட்டு மூன்றாவது அடிக்குத் திணறிக்கொண்டிருந்தது. மெக்கானிக் வருகிற வரைக்கும் கரோலின் அதன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் திணறல்தான் அந்த மெட்டு. அதையும் அவன் மழையில் கரைத்துவிட்டான்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். டைட்டஸுக்கு முதல் சினிமா வாய்ப்புக் கொடுத்த வாணியம்பாடி இயக்குநர் ஜியாவுல்லாவுக்கு மெயில் எழுதினாள். எட்டு மாதமாக உங்கள் படத்துக்கு இசை அமைத்தது நான்தான் என்று.

கீழே போனபோது அம்மா இட்லி வைத்திருந்தாள். டைட்டஸ் தொடவில்லை.

“உக்காரு” என்றான்.

“எட்டு மணிக்கு கம்பெனி பஸ் வந்துடும். சொல்லு.”

“யாரைக் கேட்டு அந்த மெயில் அனுப்பின?”

“யாரைக் கேக்கணும்?”

“கரோலின், அண்ணன்கிட்ட மரியாதையா பேசு” என்றாள் அம்மா. முப்பத்திநான்கு வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்திய குரல். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அந்தக் குரலில் ஓய்வு தெரியவில்லை.

டைட்டஸ் ஃபைலைத் திறந்து இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தான். ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. கரோலின் நின்றபடியே படித்தாள். டைட்டஸ் ஜெபசீலனின் மேற்பார்வையில், அவர் சொன்னபடி, கீபோர்டு புரோகிராமிங் உதவியாளராக மட்டும் வேலை செய்தேன். எந்த இசைக்கும் எனக்கு உரிமை கிடையாது. மெயிலில் எழுதியது மனக்குழப்பத்தில் எழுதியது.

“மனக்குழப்பம்னு யாரு எழுதச் சொன்னது?”

“வக்கீல் எழுதினது. அப்படி எழுதினாத்தான் அந்த மெயில் செல்லாது. கையெழுத்து போடு. அதோட முடிஞ்சிடும்.”

“யாருக்கு முடியும்?”

டைட்டஸ் எழுந்துகொண்டான். அவனுக்கு நாற்பத்தி நான்கு வயது. முடியில் சாயம் பூசி, தாடியைக் கத்தரித்து, திரையில் நன்றாகத்தான் இருப்பான். நேரில் பார்க்கும்போது கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“நீ இன்னா நினைச்சிக்கிட்டிருக்க? மாடியில உக்காந்து நாலு டிராக் போட்டா மியூசிக் டைரக்டரா? ஒவ்வொரு டைரக்டர்கிட்டயும் போய் நின்னது யாரு? புரொட்யூசர் ஃபைலைத் தூக்கி மூஞ்சியில அடிச்சான், அதை வாங்கினது யாரு? நடுராத்திரி மிக்ஸிங் ரூம்ல தரையில படுத்துத் தூங்கினது யாரு? உன்னை ஒரு நாளாவது ஒருத்தன் திட்டியிருக்கானா?”

“இல்ல. பாராட்டினதும் இல்ல.”

“பாராட்டு வேணுமா உனக்கு? அதுக்காகவா அந்த வாணியம்பாடிக்காரன்கிட்ட போய் என் பொழப்பைக் கெடுத்த?”

“ஏலகிரியில மழை பெஞ்சதுன்னு சொன்னியே, அண்ணா. நீ ஏலகிரிக்குக் கடைசியா எப்ப போன?”

அம்மா இட்லித் தட்டை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

“ஒரு வார்த்தை சொல்றேன், கேளு” என்றாள். “உனக்கு கம்பெனி இருக்கு. சூப்பர்வைசர்னு ஒரு மதிப்பு இருக்கு. நாளைக்கு அவன் பேரு போச்சுன்னா அவனுக்கு இன்னா இருக்கு? மறுபடியும் கல்யாண வீட்டுல கீபோர்டு வாசிக்கச் சொல்றியா? ரெண்டு பிள்ளைங்க இருக்கு அவனுக்கு. உனக்கு யாரு இருக்கா?”

கரோலின் அம்மாவைப் பார்த்தாள். திருமணம் வேண்டாமென்று இரண்டு முறை சொன்னது உண்மைதான். ஒன்று அப்பாவின் டயாலிசிஸுக்காக. இன்னொன்று, வந்த மாப்பிள்ளை மாலை வேலைகளை விட்டுவிட வேண்டும் என்றதற்காக. அந்த இரண்டாவது சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லச் சொன்னதே அம்மாதான். தொடர் அப்போது முந்நூறாவது எபிசோடில் இருந்தது.

“யாருமில்லாதவ பேரு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா. அப்படித்தானேம்மா?”

“நான் அப்படிச் சொல்லலை.”

“வேற எப்படியும் சொல்லலை.”

தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. கரோலின் தாள்களை மடித்து அண்ணனின் ஃபைலுக்குள்ளேயே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

“சாயந்தரம் என் பாராட்டு விழாவுக்கு வருவல்ல?” என்றான் டைட்டஸ் பின்னாலிருந்து. கோபம் முழுவதும் வடிந்து, கடையில் சாமான் கேட்பவனைப் போலக் கேட்டான். “ஊரே வரும். நீ வரலைன்னா கேப்பாங்க.”

அந்த மாதிரி அவன் பேசினால் எதையோ முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம். அது அவளுக்குப் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

பகல் பன்னிரண்டரைக்கு செக்யூரிட்டியிடமிருந்து போன் வந்தது. யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஜியாவுல்லா நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். தோல் மண்டியில் கணக்கெழுதியவரின் மகன். தையல் லைனில் வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பற்றித் தன் முதல் படத்தை எடுத்திருக்கிறான். படப்பிடிப்புக்கு இந்தக் கம்பெனியில் அனுமதி வாங்கிக் கொடுத்ததே கரோலின்தான். அப்போதெல்லாம் சிரித்துப் பேசுவான். இன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“உங்க மெயிலைப் படிச்சேன், மேடம். உங்க அண்ணன்கிட்டயும் கேட்டேன். என் தங்கச்சிக்கு மைண்டு சரியில்லைன்னு சொன்னாரு.”

“நீங்க இன்னா நினைக்கிறீங்க?”

“நான் நினைக்கிறது இருக்கட்டும். க்ளைமாக்ஸ் மியூசிக்கை மாத்தச் சொல்லியிருந்தேன். உங்க மெயில் வந்தப்புறம் அவரே ஒண்ணு போட்டு அனுப்பினாரு. வியாழக்கிழமை கேட்டேன். கல்யாண வீடியோவுக்குப் போடற மாதிரி இருக்கு.”

கரோலினுக்கு உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. “அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கு.”

“தெரிஞ்சிருக்கு. அதனாலதான் கோவம் ஜாஸ்தியா வருது.” அவன் குரலை உயர்த்தவில்லை. “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே என்னை எட்டு மாசம் ஏமாத்தினீங்க? நான் அவருகிட்ட உக்காந்து ஒவ்வொரு சீனா விளக்கினேன். அவரு தலையை ஆட்டினாரு. அதை அப்படியே உங்ககிட்ட வந்து ஒப்பிச்சிருக்காரு. நீங்க சும்மா இருந்தீங்க. இந்த கேட்டுலயே எத்தனை தடவை என்னைப் பாத்திருக்கீங்க? ஒரு தடவை சொல்லத் தோணலையா?”

உண்மை அது.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்குச் சென்னையில சேனல்காரங்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டறேன். ஞாயித்துக்கிழமைதான் அந்த சேனல் பெரிய மனுஷனுக்கு நேரம் கிடைச்சிது. க்ளைமாக்ஸ் மூணு நிமிஷம் பதினோரு செகண்டு. வசனமே கிடையாது. அந்தப் பொண்ணு கேட்டுல இருந்து பாலம் வரைக்கும் நடக்கிறா, அவ்வளவுதான். மியூசிக் இல்லைன்னா அது வெறும் நடை. யாரு போட்டாலும் எனக்குக் கவலை இல்ல. எனக்கு அது வேணும்.”

“நான் போட்டுத் தர்றேன். டைட்டில் கார்டுல என் பேரு தனியா வரணும்.”

“கூடுதல் இசைன்னு வேணா போடறேன்.”

“கூடுதலா நான் எதுவும் போடலை. எல்லாத்தையும் நான்தான் போட்டேன்.”

ஜியாவுல்லா கசப்பாகச் சிரித்தான். “மேடம், சேனல்காரன் என்கிட்ட பேசறதே உங்க அண்ணன் பேருக்காக. போஸ்டர் அடிச்சாச்சு. இப்ப போய் அது அவரு இல்ல, அவரு தங்கச்சின்னு சொன்னா எவன் நம்புவான்? மெயில்ல யாரு வேணா எதை வேணா எழுதலாம். சாயந்தரம் விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க. அங்க, அவரை வச்சிக்கிட்டு, ஊருக்கு முன்னாடி சொல்லுங்க பாப்போம். அப்புறம் கார்டைப் பத்திப் பேசலாம்.”

அவன் கார் கிளம்பிப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். சைரன் ஊதியது. அன்று மதியம் முதல் ஷிப்மெண்டில் பதினான்கு ஜோடி ஷூக்களை ரிஜெக்ட் செய்தாள். லைனில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பைபாஸை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் விழா. டைட்டஸ் படித்த பள்ளியின் பழைய மாணவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். வாசலில் அவன் படம் பத்தடி உயரத்துக்கு நின்றது. நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். முன் வரிசையில் அம்மா, நீலப் பட்டுப் புடவையில். வந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவர்கள். நரைத்த தலைகள்கூடக் குனிந்து “வணக்கம் டீச்சர்” என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தன. மூன்றாவது வரிசை ஓரத்தில் ஜியாவுல்லா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கரோலின் கம்பெனி ஓவர்கோட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா திரும்பவில்லை.

நசீர் அகமது மைக் பிடித்தான். டைட்டஸின் வகுப்புத் தோழன், இப்போது தோல் ஷெட் வைத்திருக்கிறான். “பத்தாங்கிளாஸ்ல என் தோஸ்த்து கணக்குல இருபத்திரெண்டு மார்க். நான் பத்தொம்பது. அவன் மியூசிக் டைரக்டர் ஆய்ட்டான், நான் ஆட்டுத்தோல் எண்ணிக்கிட்டிருக்கேன்” என்றான். மண்டபம் சிரித்தது. பிறகு எல்லோரும் எதிர்பார்த்ததைக் கேட்டான். அந்தத் தலைப்பு இசையை இங்கே வாசிக்க வேண்டும்.

டைட்டஸ் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தான். முதல் இரண்டு அடி விழுந்ததுமே கூட்டம் கை தட்டியது. மூன்றாவது அடியை அவன் அழகாகத் தாமதித்தான். கரோலின் தன்னை மறந்து கேட்டாள். நன்றாகத்தான் வாசித்தான். எப்போதுமே நன்றாக வாசிப்பான். இருக்கிற பாட்டு அவன் விரலில் உயிரோடு நிற்கும். இல்லாத ஒன்றைக் கேட்கிற காதுதான் அவனுக்கு அமையவில்லை. அதை அவனும் அறிவான். அந்த அறிவுதான் அவனை இப்படி ஆக்கியிருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. ஒரு நிமிடம் மனசு இளகியது.

கைதட்டல் அடங்கியதும் அவன் மைக்கை வாங்கினான்.

“இன்னைக்கு உங்க முன்னாடி ஒரு சந்தோஷமான விஷயம் சொல்லணும். என் தங்கச்சி கரோலின், உங்க எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசுல இருந்து என்கிட்ட கீபோர்டு கத்துக்கிட்டவ. வீட்டுல உக்காந்து சின்னச் சின்ன உதவி செய்வா. அந்த ஆர்வத்தைப் பாத்து, என் அடுத்த படத்துல அவளை என் அசிஸ்டெண்டா அறிமுகப்படுத்தப் போறேன். கரோ, மேடைக்கு வாம்மா.”

மண்டபம் எழுந்து தட்டியது. பின்னால் ஒரு பெண், “இந்த மாதிரி அண்ணன் யாருக்குக் கிடைக்கும்?” என்றாள். அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரோலினுக்குப் புரிந்தது. காலையில் மேசைமேல் வைத்த தாள்களில் இருந்ததும் இதுதான். கையெழுத்து கிடைக்கவில்லை, அதனால் முந்நூறு பேரின் கைதட்டலை வாங்கிக்கொண்டான். இனி அவள் என்ன சொன்னாலும், வளர்த்துவிட்ட அண்ணனை உதைத்தவள் என்றுதான் ஆகும்.

மேடை ஏறினாள். நசீர் அகமது சால்வையை விரித்தான். அவள் அதைக் கையால் தடுத்து, மடித்தபடியே வாங்கி கீபோர்டின் மேல் வைத்தாள். பிறகு மைக்கைப் பிடித்தாள்.

“அண்ணன் தப்பா சொல்லிட்டாரு” என்றாள். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. “நான் அசிஸ்டெண்ட் இல்ல. இப்ப வாசிச்சாரே, அதைப் போட்டது நான். நீங்க ஏழரை மணிக்குக் கேக்கறதையும் நான்தான் போடறேன். பதினோரு வருஷமா. வாசிக்கிறதுல அவரு பெரிய ஆளு. அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா போட்டது நான்.”

எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. முன் வரிசையில் ஒருவர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதியோ என்று பாதிச் சிரிப்போடு பக்கத்தில் பார்த்தார். டைட்டஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னா டைட்டஸ் இது?” என்றான் நசீர் அகமது மெதுவாக. பிறகு மேடையிலிருந்தே முன் வரிசையைப் பார்த்தான். “டீச்சர்?”

ரோஸ் டீச்சர் எழுந்து நின்றாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

“நசீர், அவ கையில இருந்து மைக்கை வாங்கு” என்றாள். “யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணுக்கு ரெண்டு மாசமா உடம்பு சரியில்ல. தூக்கம் இல்ல. எதையெதையோ நினைச்சிக்கிறா. டாக்டர்கிட்ட காட்டணும்னுதான் இருக்கோம். பாட்டெல்லாம் என் பையன் போட்டது. பெத்தவ நான் சொல்றேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. இரக்கமாகச் சொன்னாள். அந்த இரக்கம் மண்டபம் முழுக்கப் பரவியது. யாரும் கரோலினைத் திட்டவில்லை, கேள்வி கேட்கவில்லை. நசீர் அகமது மைக்கை அவள் விரல்களிலிருந்து பதமாக விடுவித்து, “உக்காருங்க சிஸ்டர், தண்ணி குடிங்க” என்றான். லைனில் அவளுக்குக் கீழே வேலை செய்கிற பாக்யலட்சுமி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டு, “வாங்க மேடம், காத்தாட நிக்கலாம்” என்றாள். அவளும் அம்மாவிடம் படித்தவள்தான்.

கரோலின் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது.

மண்டபத்தின் பின்பக்கம் பைக்குகள் நிறுத்துகிற இடத்தில், வெளிச்சம் போகிற நேரத்தில், டைட்டஸ் அவளைத் தேடி வந்தான். பாக்யலட்சுமியை உள்ளே அனுப்பினான். அவள் போகிறவரை காத்திருந்தான்.

“அம்மா அப்படிச் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது” என்றான்.

“மனக்குழப்பம்னு காலையில நீதானே எழுதிட்டு வந்த.”

“அது பேப்பர்ல.”

உள்ளே பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது.

“கரோ, நாளைக்குக் காலையில அந்த மூணு நிமிஷம் வேணும்” என்றான் டைட்டஸ். “நான் மூணு நாளா உக்காந்து பாத்தேன். வரலை. உருப்படியா எதுவுமே வரலை. ஜியாவுல்லா ஆள் வச்சி வேற யார்கிட்டயாவது போட்டுட்டான்னா விஷயம் இண்டஸ்ட்ரி முழுக்கத் தெரிஞ்சிடும். அப்புறம் என்னை எவனும் கூப்பிட மாட்டான்.” அவன் கை ஒரு பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. “நான் உன்கிட்ட கெஞ்சறேன்னு வச்சிக்கோ.”

இதை மேடை ஏறுவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அவள் மாடி ஏறிப் போய் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கே அது தெரிந்தது. அது தெரிந்ததுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

“இது ஒண்ணு மட்டும்” என்றான் அவன். “அடுத்த படத்துல சத்தியமா ரெண்டு பேர் பேரும்…”

“போதும்ணா.”

அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்தியிருந்தாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் கைப்பையைப் பார்த்துப் பேசினாள்.

“மாடி ரூமைப் பூட்டிட்டுதான் வந்தேன். சாவி என்கிட்ட இருக்கு. அண்ணனுக்கு அதை முடிச்சிக் குடுக்கறதா இருந்தா சொல்லு, இப்பவே தர்றேன். இல்லைன்னா அந்த ரூம் இனிமே உனக்கு எதுக்கு?”

“உடம்பு சரியில்லாதவகிட்ட இன்னாம்மா வேலை வாங்கப் போற?” என்றாள் கரோலின்.

அம்மாவின் முகம் ஒரு கணம் ஆடியது. அவ்வளவுதான். உதடுகள் மறுபடி இறுகிக்கொண்டன.

“வாயைப் பாரு. இதுக்குத்தான் உன்னை எவனும் கட்டிக்க வரலை.”

“வந்தவனை அனுப்பினது யாருன்னு உனக்கு ஞாபகம் இருக்கும்.” கரோலின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “ஊருக்கு முன்னாடி நீ சொல்லிட்டம்மா. எல்லாம் உன் பையன் போட்டதுன்னு. இதையும் அவனே போடட்டும்.”

“கரோ” என்றான் டைட்டஸ். பின்னாலேயே நான்கு அடி வந்தான். சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலிலிருந்து யாரோ, “டைட்டஸ் சார், ஒரு செல்ஃபி” என்று கூப்பிட்டார்கள். அவன் நின்றான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு நடந்தாள்.

பைபாஸ் ஓரத்தில் நின்று ஜியாவுல்லாவுக்குப் போன் செய்தாள். நான்காவது முறைதான் எடுத்தான்.

“பாதியில எழுந்து போய்ட்டீங்க” என்றாள்.

“உங்க அம்மா பேசினதுக்கு அப்புறம் அங்க உக்காந்திருக்க என்னால முடியலை. நானும் வாத்தியார்கிட்ட அடி வாங்கி வளந்தவன்தான், மேடம். ஆனா இது வேற.” காரின் இண்டிகேட்டர் சத்தம் கேட்டது. “அதுக்காக நான் கார்டு தர்றேன்னு அர்த்தம் இல்ல. ஊரு உங்களை நம்பலை. சேனல்காரன் எப்படி நம்புவான்?”

“சொல்லச் சொன்னீங்க. சொல்லிட்டேன். நம்ப வைக்கிறேன்னு நான் சொல்லலை.”

அவன் மறுமுனையில் மூச்சு விட்டான்.

“மூணு நிமிஷம் பதினோரு செகண்டு” என்றாள் கரோலின். “நாளைக்குப் பத்து மணிக்கு முன்னாடி நானே எடுத்துக்கிட்டு அங்க வர்றேன். மெயில்ல அனுப்ப மாட்டேன். கார்டுல என் பேரைப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். இல்லைன்னா அந்தப் பொண்ணு சும்மா நடக்கட்டும்.”

“எதுல போடுவீங்க? அந்த ரூமுக்குள்ள போவ விடுவாங்களா?”

“விட மாட்டாங்க.”

“அப்புறம்?”

“அது என் பாடு. நீங்க உங்க பாட்டைப் பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வேலூர் பஸ் வந்து நின்றது. ஏறி, டிரைவருக்குப் பின்னால் கிடைத்த சீட்டில் உட்கார்ந்தாள். டிக்கெட் வாங்கும்போது சில்லறை இரண்டு முறை கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்த பெண் எடுத்துக் கொடுத்தாள்.

வேலூரில் கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வைத்து வேலை செய்ய ஒரே ஒரு வீடுதான் அவளுக்குத் தெரியும். காகிதப்பட்டறைப் பகுதியில், டைட்டஸ் முன்பு வாசித்த கச்சேரிக் குழுவை நடத்திய சுந்தரமூர்த்தி வீடு. பத்து வருடத்துக்கு முன்னால் அந்த மனிதர் இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, டைட்டஸைப் பெயர் சொல்லி, தெருவே கேட்கிற மாதிரித் திட்டிவிட்டுப் போனார். ஜெபசீலன் குடும்பத்தில் எவனாவது, எவளாவது என் படியை மிதித்தால் செருப்பால் அடிப்பேன் என்றார். என்ன நடந்தது என்று அண்ணன் இன்றுவரை சொன்னதில்லை. அம்மாவும் கேட்கவிட்டதில்லை.

பஸ் கிளம்பியது. கரோலின் போனை அணைத்துப் பையில் போட்டாள். பத்து மணிக்கு இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தது.